சுவரில் எளிது, தரையில் கடினம்

சுவருக்கு இரண்டடி தள்ளி நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் பதித்துத் தண்டால் எடுத்தால், பழக்கமே இல்லாதவரும் இருபது எடுத்துவிடுவார். அவரையே தரையில் எடுக்கச் சொன்னால் ஐந்தாவதிலேயே கை நடுங்கும். பாதங்களை நாற்காலி மேல் ஏற்றிவைத்துக்கொண்டு எடுக்கச் சொன்னால் ஒன்றுகூட முழுதாக வராமல் போகலாம். உடல் அதேதான், எடை அதேதான், மடங்கி நீளும் கைகளும் அவையேதான். ஒரு கிலோகூடக் கூடவோ குறையவோ இல்லாதபோது சுமை மட்டும் எப்படி இவ்வளவு மாறுகிறது?

வீட்டில் உடற்பயிற்சி தொடங்க நினைக்கும் பலரையும் தயங்க வைக்கும் ஒரு கேள்விக்கான விடை இந்தச் சின்னப் புதிருக்குள் இருக்கிறது. இரும்பு இல்லாமல் தசை வளருமா என்பதே அந்தக் கேள்வி. டம்பெல் இல்லை, இயந்திரங்கள் இல்லை, ஆகவே வீட்டில் செய்வதெல்லாம் உடம்பைச் சூடாக்கிக்கொள்ள மட்டுமே உதவும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது தவறு. தசைக்கு இரும்பைத் தெரியாது. தன் இரு முனைகளுக்கும் இடையே உண்டாகும் இழுவிசை ஒன்றுதான் அதற்குத் தெரியும். எந்தத் தசை எங்கே தொடங்கி, எந்த மூட்டைக் கடந்து, எங்கே போய் ஒட்டுகிறது என்று அறிந்தவர், அந்த இழுவிசையைத் தரையையும் நாற்காலியையும் படிக்கட்டையும் கொண்டே ஏற்றவும் இறக்கவும் முடியும்.

இழுக்க மட்டுமே தெரிந்த உறுப்பு

நம் உடலில் எலும்புகளை அசைக்கும் தசைகள் அறுநூறுக்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்குக்கூடத் தள்ளத் தெரியாது. தசையின் உள்ளே ஆக்டின், மயோசின் என்ற இரு வகைப் புரத இழைகள் ஒன்றன் ஊடே ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. நரம்பிலிருந்து கட்டளை வந்ததும் மயோசின் இழைகள் ஆக்டின் இழைகளைப் பற்றி உள்ளே இழுக்கின்றன. இழைகள் சுருங்குவதில்லை, ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகர்கின்றன. அதனால் தசை மொத்தமாகக் குறுகுகிறது. 1954ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே இதை வெளியிட்டன. ஒரு குழுவில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்கேயும், மற்றொன்றில் ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் இருந்தார்கள். இரண்டு ஹக்ஸ்லிகளுக்கும் உறவு ஏதும் இல்லை.

தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும் என்றால் நாம் கதவையும் தரையையும் எப்படித் தள்ளுகிறோம்? மூட்டின் எந்தப் பக்கத்தில் தசை ஒட்டியிருக்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது. முழங்கையின் முன்பக்கமாகக் கடந்துபோகும் பைசெப்ஸ், அதாவது இருதலைத் தசை, இழுத்தால் கை மடங்கும். பின்பக்கமாகக் கடந்துபோகும் ட்ரைசெப்ஸ், அதாவது முத்தலைத் தசை, இழுத்தால் கை நீளும். கை நீள்வதைத்தான் வெளியிலிருந்து பார்ப்பவர் தள்ளுதல் என்கிறார். தசையின் முனைகளை எலும்போடு பிணைக்கும் உறுதியான வெண்ணிறக் கயிறுகளுக்குத் தசைநாண் என்று பெயர். ஒரு தசையின் வேலையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அதன் தசைநாண்கள் எந்த எலும்புகளில் ஒட்டுகின்றன, நடுவே எந்த மூட்டின் எந்தப் பக்கம் கடக்கின்றன என்று தெரிந்தால் வேலை தானே விளங்கிவிடும்.

இன்னொன்றும் விளங்கும். பைசெப்ஸ் முன்கை எலும்பில் ஒட்டும் இடம் முழங்கை மூட்டிலிருந்து நாலைந்து சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. உள்ளங்கையோ முப்பத்தைந்து சென்டிமீட்டருக்கு அப்பால். கதவைக் கைப்பிடியில் தள்ளாமல் கீலுக்குப் பக்கத்தில் தள்ளிப் பாருங்கள். எவ்வளவு பலம் தேவைப்படுகிறது! பைசெப்ஸ் எப்போதும் கீலுக்குப் பக்கத்திலிருந்துதான் வேலை செய்கிறது. முழங்கையைச் செங்கோணமாக மடக்கி உள்ளங்கையில் ஐந்து கிலோவைத் தாங்கினால், முழங்கையை மடக்கும் தசைகள் ஏறத்தாழ ஏழு மடங்கு, அதாவது முப்பத்தைந்து கிலோவுக்குச் சமமான விசையோடு இழுத்தாக வேண்டும். தசைகள் தாம் தூக்கும் எடையைவிடப் பல மடங்கு விசையை உண்டாக்குகின்றன என்பதை இத்தாலியரான போரெல்லி 1680இல் வெளிவந்த தமது நூலிலேயே கணக்கிட்டுக் காட்டியிருந்தார். கையில் இருக்கும் எடை வேறு, தசை உணரும் சுமை வேறு. இரண்டுக்கும் நடுவே மூட்டிலிருந்து தூரம், கோணம் என்ற இரண்டு நிற்கின்றன. வீட்டில் பயிற்சி செய்பவருக்கு எடையை மாற்றும் வசதி குறைவு. தூரத்தையும் கோணத்தையும் மாற்ற யாருடைய அனுமதியும் தேவையில்லை.

ஒரு தண்டாலைப் பிரித்துப் பார்ப்போம்

அறுபது கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் தரையில் தண்டால் நிலையில் இருக்கிறார். அவர் எடையைக் கைகளும் பாதங்களும் பகிர்ந்துகொள்கின்றன. 2011இல் வெளியான ஓர் ஆய்வில் விசையை அளக்கும் பலகை மேல் கைகளை வைக்கச் செய்து, கைகளின் பங்கு எவ்வளவு என்று அளந்தார்கள். வழக்கமான தண்டாலில் உடல் எடையில் 64 விழுக்காடு கைகளில் இறங்குகிறது. நம்மவருக்கு அது 38 கிலோ. முழங்காலைத் தரையில் ஊன்றினால் 49 விழுக்காடு, அதாவது 29 கிலோ. கைகளை 60 சென்டிமீட்டர் உயரத்தில், ஏறக்குறைய ஒரு மேசையின் விளிம்பில், வைத்தால் 41 விழுக்காடு, 25 கிலோ. 30 சென்டிமீட்டர் உயரத்தில், ஒரு தாழ்ந்த முக்காலி மேல் வைத்தால் 55 விழுக்காடு, 33 கிலோ. இப்போது கைகளைத் தரையில் வைத்துப் பாதங்களை 30 சென்டிமீட்டர் உயர்த்தினால் 70 விழுக்காடு, 42 கிலோ. 60 சென்டிமீட்டர் உயர்த்தினால் 74 விழுக்காடு, 44 கிலோ. சுவரில் சாயும்போது உடல் ஏறக்குறைய நிமிர்ந்தே இருப்பதால் எடையின் பெரும்பகுதி பாதங்கள் வழியே தரைக்குப் போய்விடுகிறது. தொடக்கத்தில் கேட்ட புதிருக்கு இதுவே விடை. 25, 29, 33, 38, 42, 44 என்று படிப்படியாக ஏறும் ஓர் எடை வரிசை, ஒரு மேசையும் முக்காலியும் உள்ள எந்த வீட்டிலும் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கும் மேலே வேண்டுமென்றால் முதுகில் மாட்டிய பையில் ஐந்து கிலோ அரிசி.

இந்தச் சுமையை யார் தாங்குகிறார்கள்? முதலில் பெரிய மார்புத் தசை. விசிறிபோல் விரிந்த தசை இது. காறை எலும்பிலிருந்தும் மார்பெலும்பிலிருந்தும் மேல் விலா எலும்புகளின் குருத்தெலும்பிலிருந்தும் புறப்பட்டு, குவிந்து வந்து மேற்கை எலும்பில் ஒட்டுகிறது. தோள் மூட்டின் முன்புறமாகக் கடப்பதால் அது இழுக்கும்போது மேற்கை உடலின் குறுக்கே முன்னோக்கி வருகிறது. காலை உயர்த்தித் தண்டால் எடுக்கும்போது கை தலைப் பக்கமாகச் சாய்ந்து தள்ள வேண்டியிருப்பதால், காறை எலும்பிலிருந்து வரும் மேல் இழைகளும் தோளின் முன்பகுதித் தசையும் கூடுதல் பங்கை ஏற்கின்றன. அடுத்து ட்ரைசெப்ஸ். கைகளை நெருக்கி வைத்தால் முழங்கைகள் கைகளைவிட்டு வெளிப்பக்கம் விலகுகின்றன, முழங்கை மூட்டுக்கும் உள்ளங்கைக்கும் இடையே கிடைமட்டத் தூரம் கூடுகிறது, ட்ரைசெப்ஸின் வேலையும் கூடுகிறது. கைகளை அகட்டினால் மார்புக்கு நல்லது என்று பல காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. ஆனால் தசைகளின் மின்செயலைப் பதிவுசெய்த 2005ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், கைகளை நெருக்கி வைத்தபோது ட்ரைசெப்ஸ் மட்டுமல்லாமல் மார்புத் தசையும் அகட்டி வைத்தபோது இருந்ததைவிடக் கூடுதலாக இயங்கியது. மின்செயல் கூடினால் வளர்ச்சியும் அதே அளவு கூடும் என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனாலும் கைகளை அகட்ட அகட்ட மூட்டுகள் மடங்கி நீளும் அளவு குறைகிறது என்பதைக் கண்ணாடி முன் நின்றே பார்த்துவிடலாம்.

மூன்றாவது தசையைப் பலர் கேள்விப்பட்டிருக்கக்கூட மாட்டார்கள். விலா எலும்புகளின் பக்கவாட்டிலிருந்து ரம்பத்தின் பற்களைப் போன்ற விளிம்போடு புறப்பட்டு, தோள்பட்டை எலும்பின் அடியில் புகுந்து, அதன் உள்விளிம்பில் ஒட்டுவதால் இதை ரம்பத் தசை என்று சொல்லலாம். தோள்பட்டை எலும்பை விலாக்கூட்டோடு ஒட்டி முன்னே இழுப்பது இதன் வேலை. கையைத் தலைக்கு மேல் உயர்த்த இது இல்லாமல் முடியாது. பெஞ்சில் மல்லாந்து படுத்து எடை தூக்கும்போது தோள்பட்டை எலும்புகள் முதுகுக்கும் பெஞ்சுக்கும் இடையே அழுந்திக் கிடக்கின்றன. ரம்பத் தசைக்கு அங்கே வேலை குறைவு. தண்டாலில் அந்த எலும்புகள் கட்டில்லாமல் நகர்கின்றன. மேலே வந்ததும் நிறுத்திவிடாமல், முதுகை இன்னும் ஓர் அங்குலம் கூரையை நோக்கித் தள்ளினால் ரம்பத் தசை முழுதாக இயங்கும். இந்த ஓர் இடத்தில் செலவில்லாத தண்டால் விலையுயர்ந்த பெஞ்சைவிட மேலானது. இடுப்பு தொய்ந்து விழாமல் உடலைப் பலகைபோல் நேராக வைத்திருக்கும் வயிற்றுத் தசைகளுக்கும் இதில் பங்கு உண்டு.

எத்தனை எடுத்தால் போதும்?

முப்பது தண்டால் எளிதாக எடுப்பவர் தினமும் அதே முப்பதை எடுத்துக்கொண்டு, ஏன் மாற்றம் இல்லை என்று கேட்பது வழக்கம். காரணம் தசையை நரம்பு ஆளும் முறையில் இருக்கிறது. ஒரு நரம்புச் செல்லும் அதன் கட்டளைக்குக் கட்டுப்பட்ட தசை இழைகளும் சேர்ந்து ஓர் இயக்க அலகு. கண்ணை அசைக்கும் தசைகளில் ஓர் அலகுக்குப் பத்துப் பதினைந்து இழைகள்தாம். கெண்டைக்காலில் ஓர் அலகுக்கு ஆயிரத்துக்கும் மேல் இருக்கும். ஹார்வர்டைச் சேர்ந்த எல்வுட் ஹென்னமன் 1957 தொடங்கி, 1965 வரை வெளியிட்ட ஆய்வுகளில் ஓர் ஒழுங்கைக் கண்டார். சிறிய அலகுகள் எப்போதும் முதலில் எழுகின்றன. விசை போதாதபோதுதான் பெரியவை ஒவ்வொன்றாக அழைக்கப்படுகின்றன. வளரும் வாய்ப்பு மிகுதியாக உள்ள இழைகள் இந்தப் பெரிய அலகுகளில் இருக்கின்றன. முப்பதை எளிதாக முடிப்பவர் அவற்றை எழுப்புவதே இல்லை.

பெரிய அலகுகளை எழுப்ப இரண்டு வழிகள் உண்டு. மிகக் கனமான எடையைத் தூக்குவது ஒன்று. நடுத்தரச் சுமையைத் தொடர்ந்து தூக்கி, முதலில் எழுந்த அலகுகள் களைத்துப்போய்ப் பெரியவை வந்தே தீர வேண்டிய நிலைக்குக் கொண்டுபோவது மற்றொன்று. இரண்டாவது வழியும் பலன் தருமா என்று கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் சோதித்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். இளைஞர்கள் பத்து வாரம் தொடைத் தசைக்குப் பயிற்சி செய்தார்கள். தூக்கக்கூடிய உச்ச எடையில் 80 விழுக்காட்டை மூன்று செட் தூக்கிய கால்களில் தசையின் பருமன் சராசரியாக 7.2 விழுக்காடு கூடியது. வெறும் 30 விழுக்காட்டை, இனி முடியாது என்ற எல்லைவரை மூன்று செட் தூக்கிய கால்களில் 6.8 விழுக்காடு. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஜப்பானில் 2017இல் வெளியான இன்னொரு ஆய்வு நம் தண்டாலையே எடுத்துக்கொண்டது. சுமை சமமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டபோது, எட்டு வாரத்தில் பெஞ்ச் பிரஸ், அதாவது பெஞ்சில் படுத்து எடை தூக்கும் பயிற்சி, செய்தவர்களுக்கும் தண்டால் எடுத்தவர்களுக்கும் மார்புத் தசை ஒரேபோல் தடித்திருந்தது.

ஆகவே முப்பது என்ற எண்ணுக்குத் தனிப் பொருள் கிடையாது. கடைசி இரண்டு மூன்று தண்டால்களில் வேகம் தானாகக் குறைகிறதா என்று பாருங்கள். குறையாவிட்டால், முப்பதை அறுபதாக்குவதைவிடக் காலை முக்காலி மேல் ஏற்றுவது நேரத்தை மிச்சப்படுத்தும். பெருவலியில் துடிக்கும்வரை எடுக்க வேண்டியதும் இல்லை. இன்னும் ஒன்றிரண்டு முடியும் என்ற நிலையில் நிறுத்தினால் போதும்.

இரண்டு மூட்டைக் கடக்கும் தசைகள்

உடற்கூறு தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் வேறுபாடு பளிச்சென்று தெரியும் இடம் இதுதான். கெண்டைக்காலில் இரண்டு தசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. மேலே இருப்பது தொடை எலும்பின் கீழ் முனையிலிருந்து புறப்பட்டு முழங்காலையும் கணுக்காலையும் கடந்து குதிகாலில் ஒட்டுகிறது. அடியில் இருப்பது முழங்காலுக்குக் கீழே தொடங்கிக் கணுக்காலை மட்டும் கடக்கிறது. முழங்காலை மடக்கினால் மேலே உள்ளதன் இரு முனைகளும் நெருங்கி, அது தொய்ந்துபோகிறது. தொய்ந்த தசையால் வலுவாக இழுக்க முடியாது. 2023இல் வெளியான ஓர் ஆய்வில் ஒவ்வொருவரும் ஒரு காலால் நின்றபடியும் மறு காலால் உட்கார்ந்தபடியும் குதிகாலை உயர்த்தும் பயிற்சியைப் பன்னிரண்டு வாரம் செய்தார்கள். நின்று செய்த காலில் மேல் தசையின் இரு பகுதிகளும் 9 முதல் 12 விழுக்காடு வளர்ந்தன. உட்கார்ந்து செய்த காலில் வளர்ச்சி 2 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. உழைப்பு அதே, காலம் அதே, முழங்காலின் கோணம் மட்டும் வேறு. படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, முழங்காலை நேராக வைத்து, குதிகாலை நன்றாகக் கீழே இறக்கி ஏற்றினால் இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

ட்ரைசெப்ஸின் மூன்று தலைகளில் நீளமானது தோள்பட்டை எலும்பில் தொடங்குகிறது. அதனால் தோளையும் முழங்கையையும் கடக்கிறது. தண்டாலில் கீழே இறங்கும்போது முழங்கை உடலுக்குப் பின்னே போவதால் இந்தத் தலை தோள் பக்கம் தொய்கிறது. தண்டால் மட்டுமே எடுப்பவரின் மேற்கையில் பின்பக்கம் எதிர்பார்த்த அளவு வளராததற்கு இது ஒரு காரணம். கையைத் தலைக்கு மேல் தூக்கி, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைப் பிடித்து, முழங்கையை மட்டும் மடக்கி நீட்டினால் அந்தத் தலை நன்கு நீண்ட நிலையில் வேலை செய்யும். இப்படிச் செய்த கையில் ட்ரைசெப்ஸ் மொத்தமாக ஏறத்தாழ 20 விழுக்காடும், கையைப் பக்கவாட்டில் வைத்துச் செய்தபோது 14 விழுக்காடும் வளர்ந்ததாகப் பன்னிரண்டு வார ஆய்வு ஒன்று காட்டியது. தோளைக் கடக்காத மற்ற இரண்டு தலைகளும்கூடக் கையை உயர்த்திச் செய்தபோதே கூடுதலாக வளர்ந்தன. அது ஏன் என்பதற்கு மேலே சொன்ன விளக்கம் போதாது.

தாத்தாக்கள் இதையெல்லாம் படித்தார்களா?

தண்டாலும் பஸ்கியும் போட்டு, கர்லாக்கட்டை சுற்றி மலைபோல் வளர்ந்த மல்லர்கள் எந்த எலும்பின் பெயரையும் படிக்கவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்களுக்கு உடற்கூறு தேவைப்படாததற்குக் காரணம், பக்கத்தில் வஸ்தாது நின்றுகொண்டிருந்ததுதான். எந்தச் சீடனுக்கு எது போதாது என்று பல தலைமுறைகளின் அனுபவத்தோடு பார்த்துத் திருத்த ஒருவர் இருந்தார். மேலும் அவர்கள் தள்ளுவதோடு நிற்கவில்லை. குஸ்தியே எதிராளியைப் பிடித்து இழுப்பது. அறைக்குள் தனியே பயிற்சி செய்பவருக்கு இந்த இரண்டும் இல்லை.

இழுப்பது இல்லாமல் போவதுதான் வீட்டுப் பயிற்சியின் பெரிய குறை. புவியீர்ப்பு கீழ்நோக்கி இருப்பதால் தரை நமக்குத் தள்ள மட்டுமே இடம் கொடுக்கிறது. முதுகின் கீழ்ப்பகுதியிலிருந்து விரிந்து மேலேறி மேற்கை எலும்பில் ஒட்டும் முதுகின் அகன்ற தசைக்கு வேலை வேண்டுமென்றால், பிடித்துத் தொங்க ஏதாவது வேண்டும் அல்லது தூக்கி இழுக்க ஏதாவது வேண்டும். இடுப்பில் மடிந்து, முதுகை நேராக வைத்து, பாதி நிரப்பிய வாளியை இடுப்பை நோக்கி இழுப்பது ஒரு வழி. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் எடையைத் துல்லியமாகக் கூட்டிக்கொள்ளலாம். முழுதாக நிரம்பிய தண்ணீர் கேன் இருபது கிலோ. அதை முதல் நாளே எடுக்க வேண்டாம்.

ஜிம்முக்கு ஈடு இல்லாத இடமும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. மெக்மாஸ்டர் ஆய்விலேயே, ஒரே தடவையில் தூக்கக்கூடிய உச்ச எடை கனமாகத் தூக்கியவர்களுக்குத்தான் கூடுதலாக உயர்ந்தது. பளுதூக்கும் போட்டிக்குப் போக விரும்புகிறவருக்கு வீடு போதாது. தொடைகளுக்கும் இரண்டு கால் பஸ்கி சீக்கிரமே இலேசாகிவிடும். அப்போது ஒரு காலைப் பின்னே நாற்காலியில் வைத்து மறு காலால் உட்கார்ந்து எழ வேண்டும்.

மூன்றாம் வாரத்திலேயே எண்ணிக்கை கூடிவிட்டது, கை மட்டும் பருக்கவில்லை என்று மனம் தளர்பவர்களுக்கு ஒரு சொல். மோரிட்டானி, டிவ்ரீஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1979இல் காட்டியதுபோல், முதல் சில வாரங்களின் முன்னேற்றம் பெரும்பாலும் நரம்புகள் கற்றுக்கொள்வதால் வருவது. தசையின் பருமன் அதன் பின்னரே முக்கியமாகிறது. பருக்காததைப் பார்த்து அந்த நேரத்தில் விட்டுவிடுபவர்கள், பலன் தொடங்கும் வாசலில் திரும்பிவிடுகிறார்கள். மறுநாள் வலியை அளவுகோலாகக் கொள்வதும் சரியல்ல. பழக்கமில்லாத தசை சுமையோடு நீளும்போது வலி மிகுதியாக வரும். அதே பயிற்சியைத் தொடர்ந்தால் வலி மறையும், வளர்ச்சி தொடரும். ஆனால் மூட்டுக்குள் குத்தும் வலி வேறு. அது வந்தால் நிறுத்திவிட வேண்டும். இதய நோயோ கட்டுப்படாத இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும், எவரும் மூச்சை அடக்கிக்கொண்டு சுமை தூக்கக் கூடாது.

வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு

வலுப் பயிற்சி இளைஞர்களுக்கு உரியது என்ற எண்ணம்தான் நம் வீடுகளில் மிகப் பெரிய தீங்கைச் செய்கிறது. வயது ஏற ஏறத் தசை தேய்கிறது. நாற்காலியிலிருந்து எழவும் படியேறவும் கழிவறையில் உட்கார்ந்து எழவும் தேவையான பலம் அதோடு போகிறது. 1990இல் அமெரிக்காவில் மரியா ஃபியாட்டரோனும் அவர் குழுவினரும், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, தொண்ணூறு வயதை ஒட்டிய தளர்ந்த பத்துப் பேரைக் கொண்டு எட்டு வாரம் தொடைத் தசைக்கு வலுப் பயிற்சி நடத்தினார்கள். முடித்தவர்களின் பலம் சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. நடுத்தொடைத் தசையின் பரப்பு 9 விழுக்காடு கூடியது.

வீட்டில் இதற்குத் தேவை கைப்பிடியுள்ள, வழுக்காத ஒரு நாற்காலி. எழும்போது உடலை நிமிர்த்தியே வைத்திருந்தால் சுமை முழுவதும் முழங்காலின் மேலும் தொடையின் முன்தசை மேலும் விழுகிறது. மூக்கு கால் விரல்களுக்கு நேரே வரும்வரை முன்னே சாய்ந்து எழுந்தால், இடுப்பு மூட்டிலிருந்து எடையின் தூரம் கூடி, உடலின் மிகப் பெரிய தசைகளில் ஒன்றான பிட்டத் தசை சுமையில் பெரும்பங்கை ஏற்றுக்கொள்ளும். முழங்கால் நோகிறது என்று சொல்லும் அம்மாவுக்கோ தாத்தாவுக்கோ இந்த ஒரு சாய்வை இன்றே சொல்லிக்கொடுங்கள். முதலில் கைகளை ஊன்றி ஐந்து தடவை எழட்டும், பழகிய பின் கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு எழட்டும். தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வாரத்தில் இரண்டு நாளாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் சொல்லியிருப்பது, அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கும் சேர்த்துத்தான்.